காத்தமுத்து விழாமல் நின்ற பதினோரு வருஷம்

செம்பூரணியில் கல்லூரி கட்டுவதற்காகச் சங்கிலி பிடித்து நிலம் அளந்த அன்று காலையில், தன் ஒன்றரை ஏக்கரை விடமாட்டேன் என்று சங்கிலியின் நுனியைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு நின்ற காத்தமுத்துவை சோணை மூன்று வெட்டு வெட்டினான். முதல் வெட்டு தோளில், இரண்டாவது வயிற்றில், மூன்றாவது கழுத்தில். மூன்றாவது வெட்டு இறங்கும்போதே காத்தமுத்துவின் உயிர் போய்விட்டது, ஆனால் ஆள் விழவில்லை.

விழுவான் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். சங்கிலிக்காரர்கள் காத்திருந்தார்கள், குடை பிடித்து நின்ற சர்வேயர் காத்திருந்தார், அரிவாளைத் தாழ்த்திக்கொண்டு சோணை காத்திருந்தான், வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பெரியவீட்டு சங்கரலிங்கமும் காத்திருந்தார். கஞ்சித் தூக்கோடு கிணற்றுப் பக்கமிருந்து ஓடிவந்து இரண்டு கை தூரத்தில் மூச்சிரைக்க நின்றுவிட்ட அவன் பெண்டாட்டி இருளாயி மட்டும் காத்திருக்கவில்லை. அவள் அவன் கண்ணைப் பார்த்துவிட்டாள், அதில் ஆள் இல்லை. ரத்தம் வேட்டியை நனைத்து, முழங்காலில் இறங்கி, குதிகாலைச் சுற்றிக் குளம் கட்டி, உழுத சால் வழியே ஓடி வேப்பமரத்தடிக்குப் போனது. சங்கரலிங்கம் காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டார். காத்தமுத்து நின்றான்.

சங்கரலிங்கத்துக்குக் கல்லூரி ஆசை வந்தது படிப்பின் மேல் இருந்த பிரியத்தால் இல்லை. பக்கத்துத் தாலுகாவில் அவருடைய பங்காளி ஒருவர் கல்லூரிக்கு மனுப் போட்டிருந்தார். அறுபது ஏக்கரை ஒரே சதுரமாக யார் முதலில் காட்டுகிறாரோ அவருக்குத்தான் என்று மதராசிலிருந்து காகிதம் வந்திருந்தது. சங்கரலிங்கத்திடம் ஐம்பத்தெட்டரை ஏக்கர் பொட்டல் இருந்தது, அதன் நட்டநடுவில் காத்தமுத்துவின் ஒன்றரை ஏக்கரும் ஒரு கிணறும் நாலு பனையும் இருந்தன. மூன்று தடவை ஆள்விட்டுக் கேட்டார். கிணற்றில் இப்போதுதான் தண்ணீர் கண்டிருக்கிறது, தோண்டின கை இன்னும் ஆறவில்லை, வேறு இடம் பாருங்கள் என்று மூன்று தடவையும் காத்தமுத்து சொல்லி அனுப்பினான். நாலாவது தடவை அவர் ஆளை அனுப்பவில்லை, சங்கிலியை அனுப்பினார், கூடவே சோணையையும் அனுப்பினார். சோணை நாலு தாலுகாவுக்குப் பேர்போன கை. அவன் அரிவாளை ஓங்கினால் எதிரில் இருப்பவன் அதற்கு முன்பே பாதி செத்துவிடுவான் என்று சொல்லுவார்கள், அதை அவனும் மறுத்ததில்லை.

விழாதவனைக் கண்டு சோணைக்கு முதலில் கோபம்தான் வந்தது. கிட்டப் போய் நெஞ்சில் காலை வைத்துத் தள்ளினான். பாறையைத் தள்ளினதுபோல அவன்தான் பின்னால் போனான். இடுப்பில் வடக்கயிறு கட்டி இரண்டு ஜோடி மாட்டைப் பூட்டி இழுத்தார்கள்; கயிறு அறுந்து ஒரு மாடு முன்னங்கால் முறிந்து விழுந்தது, அதை அங்கேயே கழுத்தறுத்துப் பங்கு போட்டார்கள். கையில் சுற்றியிருந்த சங்கிலியை உருவ முடியாமல் சர்வேயர் ஆறு கண்ணியை அவன் கையோடு விட்டுவிட்டு மிச்சத்தை வெட்டி எடுத்துக்கொண்டு அளந்தார். செம்பூரணியில் இன்றைக்கும் எந்த மனையை அளந்தாலும் பத்திரத்துக்கும் தரைக்கும் ஒத்துப்போகாமல் இருப்பதும், வேலித் தகராறில் வருஷத்துக்கு இரண்டு மண்டை உடைவதும் அதனால்தான்.

உச்சி வெயிலில் சப்-இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்தார். காத்தமுத்துவின் மூக்கருகில் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தார், மூச்சு இல்லை. கிடத்திப் பார்க்க முடியுமா என்று கேட்டார், முடியவில்லை. கிடப்பவனைத்தான் பிரேதம் என்று எழுத முடியும், நிற்கிறவனைப் பிரேதம் என்று எழுதினால் மேலே இருக்கிறவர்கள் என்னைக் கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பிவிடுவார்கள் என்று சொல்லிவிட்டு, பெரியவீட்டில் சாப்பிட்டு, சாயங்காலம் போனார். மறுநாள் சர்க்கார் ஆஸ்பத்திரி டாக்டர் மாசிலாமணி வந்தார். நல்ல மனுஷன், ஆனால் பயந்தவர். நாடி பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், வெட்டின் ஆழத்தை அளந்து குறித்தார். அறுத்துப் பார்க்காமல் சாவுக்குக் காரணம் எழுத முடியாது, நிற்கிற ஆளை அறுக்க எனக்கு அதிகாரம் இல்லை என்று இருளாயியிடம் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். பதினைந்து நாளில் ஸ்டேஷனில் கேஸ் காகிதத்தைக் கட்டி வைத்தார்கள்; காயம்பட்டவர் வாய்மொழியாகப் புகார் எதுவும் தராததால் மேல்நடவடிக்கை இல்லை என்று அதில் எழுதியிருந்தது. அதற்கடுத்த வாரம் தாசில்தார் வந்து காத்தமுத்து முன்னால் நின்று, நிலத்தைக் கல்லூரிக்கு எடுப்பதில் ஆட்சேபம் உண்டா என்று சட்டப்படி மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் பதில் வராததால் ஆட்சேபம் இல்லை என்று எழுதிக்கொண்டார்.

பதினாறாம் நாள் உறவுப் பெண்கள் தாலி வாங்க வந்தார்கள். வந்த இடத்தில் அவர்களுக்குள்ளேயே சண்டை வந்துவிட்டது. புருஷன் காலூன்றி நிற்கும்போது தாலியை அறுத்தால் குலம் விளங்காது என்று ஒரு கட்சி, ஊரறியச் செத்தவனுக்கு எத்தனை நாள் பூவும் பொட்டும் என்று இன்னொரு கட்சி. தலைமயிரைப் பிடித்து இழுக்கிற அளவுக்குப் போய், கடைசியில் இரண்டு கட்சியும் எதுவும் செய்யாமல் திரும்பிப் போயின. இருளாயி தாலியோடு இருந்தாள். அவளுக்கு அழக்கூட நேரம் கிடைக்கவில்லை. கல்யாணமாகி நாலு வருஷம், பிள்ளை இல்லை, அவனோ ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேசாதவன், அன்று காலையில் அவளிடம் கடைசியாகச் சொன்னது கஞ்சியில் உப்பு இல்லை என்பது. நின்றவன்மேல் காக்காய் உட்கார வந்தது. அதை விரட்டப் போனாள். அப்படித்தான் அங்கே உட்கார ஆரம்பித்தாள்.

கல்லூரி எழும்பியது. நட்டநடுவில் வரவேண்டிய பெரிய கட்டடத்தை அவனைச் சுற்றி மூன்று பக்கமாக வளைத்துக் கட்டினார்கள்; அவன் நின்ற இடம் முற்றமாயிற்று. முதல் வருஷம் நாற்பத்தொரு மாணவர்கள் மாட்டுவண்டியிலும் கால்நடையாகவும் வந்து சேர்ந்தார்கள். பிள்ளைகள் வந்ததால் சாப்பாட்டுக்கடை வந்தது, சாப்பாட்டுக்கடை வந்ததால் விறகுக்கடை வந்தது, அப்புறம் சலவைக்காரர், தையல்காரர், வாடகை சைக்கிள், அச்சகம், சினிமாக் கொட்டகை என்று ஒன்றன் பின் ஒன்றாக வந்து பொட்டல் ஊராயிற்று. அந்த ஊர் தன்னுடைய எல்லா வழியையும் காத்தமுத்துவை வைத்துத்தான் சொன்னது. நிக்கிறவருக்குக் கிழக்கே மூணாவது கடை என்றால் தபால்காரருக்குப் போதும், பஸ் கண்டக்டர் நிக்கிறவரெல்லாம் இறங்கு என்றுதான் கூவினார், நிக்கிறவர் காபி கிளப் என்று போர்டு வைத்த கடையில் கூட்டம் தாங்கவில்லை. பரீட்சைக்குப் போகிற பையன்கள் அவன் கையிலிருந்த ஆறு கண்ணியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். பௌதிக வாத்தியார் அவன் நிழலைச் சுற்றித் தரையில் கோடு கிழித்து மணி பார்த்தார். தாவர வாத்தியார் மாதம் ஒருமுறை நகத்தை அளந்து வளரவில்லை என்று நோட்டில் எழுதினார். அவன் அழுகவில்லை, காயவும் இல்லை. வெட்டு மூன்றும் திறந்தே இருந்தன, பச்சைப் பனையை வெட்டிப்போட்டால் வருகிற வாடை அவன்மேல் வந்தது, அந்த வாடை பழகிப்போய் விடுமுறைக்கு வீட்டுக்குப் போகிற பிள்ளைகளுக்கு அது இல்லாமல் தூக்கம் வரவில்லை.

இன்னொன்றும் வந்தது. நிக்கிறவர் பார்வையில் வெட்டினால் கேஸ் நிற்காது என்று ஒரு பேச்சு கிளம்பி நாலு தாலுகாவுக்கும் பரவியது. பகையாளிகள் தங்கள் பகையை அங்கே கொண்டுவந்தார்கள். வாய்க்கால் தகராறில் அண்ணனைத் தம்பி அங்கே வைத்துக் குத்தினான். ஓடிப்போன பெண்ணை அவள் மாமன் பஸ்ஸை மறித்து இறக்கி, இழுத்துவந்து அங்கே முடித்தான். ஹாஸ்டல் பையன்கள் மேலத்தெரு கீழத்தெரு என்று பிரிந்து சைக்கிள் செயினைச் சுழற்றிக்கொண்டு அங்கேதான் மோதினார்கள், ஒரு பையனுக்குக் கண் போயிற்று. எதிலும் கேஸ் நிற்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் முற்றத்தைக் கழுவிவிடுவதற்குக் கல்லூரியில் தனியாக ஆள் போட்டார்கள். இத்தனைக்கும் நடுவில் வகுப்பு நடந்தது, மணி அடித்தது, பாஸானவர்கள் பாஸானார்கள்.

அங்கே வெட்டுப்பட்ட எல்லோரும் விழுந்தார்கள் என்பதுதான் சோணைக்கு முள்ளாய்க் குத்தியது. சங்கரலிங்கம் அவனைக் கல்லூரி வாட்ச்மேனாக வைத்திருந்தார், காக்கிச் சட்டையும் முக்காலியும் கொடுத்து முற்றத்தில் உட்கார வைத்திருந்தார். அரிவாள் பிடித்துப் பழகாத பொடியன் குத்தினவனே குப்புற விழும்போது, சோணை வெட்டினவன் மட்டும் நின்றுகொண்டே இருந்தான். பையன்கள் அவனுக்கு அரைவெட்டு என்று பேர் வைத்தார்கள். அரைவெட்டு, கேட்டைத் திற என்றார்கள். அப்படிக் கூப்பிட்ட ஒருவனின் தாடையை அவன் உடைத்தான், அடுத்த நாள் சுவரெல்லாம் கரியால் அந்தப் பேரை எழுதியிருந்தார்கள்.

இருளாயி அவித்த கடலை விற்றுக்கொண்டு காத்தமுத்துவின் காலடியில் உட்கார்ந்திருந்தாள், எதிரில் பத்தடி தூரத்தில் சோணை உட்கார்ந்திருந்தான். பதினோரு வருஷத்தில் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. காலையில் அவள் மஞ்சள் தண்ணீரில் துணியை நனைத்து வெட்டு மூன்றையும் துடைப்பாள். சாயங்காலம் முற்றம் காலியானதும், அவள் கூடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள் என்று நினைத்து, சோணை எழுந்துபோய்க் கழுத்து வெட்டில் இரண்டு விரலை விட்டு ஆழம் பார்ப்பான். விரல் எலும்பில் போய் முட்டும். முட்டினதும் அவன் முகத்தில் ஒரு சமாதானம் வரும், முக்காலிக்குத் திரும்புவதற்குள் அது போய்விடும். தூணுக்குப் பின்னால் நின்று இருளாயி அதை எத்தனையோ நாள் பார்த்தாள். அவன் குடலை அறுத்து மாலை போடவேண்டும் என்று முதல் இரண்டு வருஷம் நினைத்தாள். அப்புறம் நினைப்பதை விட்டுவிட்டு அவனைப் பார்ப்பதை மட்டும் செய்தாள்.

காத்தமுத்து ஏன் நிற்கிறான் என்று யாரும் அவளிடம் கேட்டதில்லை. அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. என்றைக்காவது ஒரு பெரிய அதிகாரி வருவான், வந்து இந்த வெட்டைப் பார்த்து, இது யார் செய்தது என்று கேட்பான், அதற்காகத்தான் நிற்கிறான் என்று அவள் நம்பினாள். அதிகாரிகள் வந்தார்கள். பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

கல்லூரி ஏற்கெனவே பி.ஏ. வகுப்புக்கு உயர்ந்திருந்தது; பதினோராம் வருஷம் முதல் பட்டமளிப்பு விழா வந்தது. ஒரு மந்திரி வருவதாக இருந்தது. அதற்குப் பத்து நாளைக்கு முன்னால் சங்கரலிங்கம், இப்போது கல்வி வள்ளல் என்று பேருக்கு முன்னால் போட்டுக்கொள்கிறவர், இருளாயியின் கடலைக் கூடைக்கு எதிரில் வந்து நின்றார். அவர் அவளோடு பேசுவது அதுவே முதல் தடவை. காத்தமுத்துவைச் சுற்றிச் சிமெண்ட் பூசிச் சிலையாக்கப் போகிறோம், வெயிலும் மழையும் படாமல் காலத்துக்கும் நிற்பான், மந்திரியே முதல் கரண்டி சிமெண்டை எடுத்து வைக்கிறார், உனக்கும் பெருக்குகிற வேலை போட்டுத் தருகிறேன் என்று சொன்னார். கீழே பதிக்கிற கல்லில் எழுதப்போவதைக் கிளார்க் படித்துக் காட்டினார். தன் நிலத்தை மனமுவந்து கல்லூரிக்கு ஈந்த காத்தமுத்து என்று அதில் இருந்தது.

மனமுவந்து என்றால் என்ன என்று இருளாயி கேட்டாள். சந்தோஷமாகக் கொடுத்தார் என்று அர்த்தம் என்று கிளார்க் சொன்னார்.

அன்றைக்கே அவள் டாக்டர் மாசிலாமணியின் வீட்டுக்குப் போனாள். அவருக்கு வயதாகிவிட்டது, அடுத்த வருஷம் பென்ஷன். வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"இவரு விழுந்துட்டா அறுத்துப் பாப்பீங்களா அய்யா?"

"விழுந்தா பாக்கணும். அது சட்டம்."

"பாத்தா என்னத்தால செத்தாருன்னு எழுதுவீங்களா?"

டாக்டர் எழுந்து வாசல்வரை வந்தார். பிறகு, "இந்தத் தடவை எழுதுவேன்" என்றார்.

விழா அன்று மூன்று மணிக்கே பந்தல் நிரம்பிவிட்டது. மந்திரி, கலெக்டர், கறுப்பு அங்கி போட்ட இருபத்தேழு பட்டதாரிகள், நாதஸ்வரம், சிமெண்ட் குழைத்து வைத்த வெள்ளித் தட்டு எல்லாம் தயாராக இருந்தன. பிரின்சிபால் அனந்தநாராயணன் வரவேற்புரையில் நிற்றல் என்கிற நற்குணத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, கடலைக் கூடைக்குள் சாக்கைச் சுற்றி வைத்திருந்த கோடாலியை இருளாயி வெளியே எடுத்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பனையைச் சாய்ப்பதுபோல ஒரு பக்கமாக ஒதுங்கி நின்று காத்தமுத்துவின் கணுக்காலில் போட்டாள். முதல் வெட்டு விழுந்த சத்தத்தில் நாதஸ்வரக்காரர் எழுந்துவிட்டார். இரண்டாவது வெட்டில் எலும்பு தெரிந்தது. ஓடிவந்த சோணை பத்தடிக்கு அந்தப்பக்கம் நின்றுவிட்டான். அவன் நினைத்திருந்தால் அவளைப் பிடித்திருக்கலாம், ஆனால் அவன் கண்ணில் இருந்தது தடுக்கிறவனுடைய அவசரம் இல்லை, இப்போதாவது விழுகிறானா என்று பார்க்கிறவனுடைய ஆசை. ஆறாவது வெட்டில் காத்தமுத்து ஒரு முனகல் போன்ற சத்தத்தோடு சாய்ந்தான். அவன் விழுந்த அதிர்ச்சியில் காபி கிளப்பில் அடுக்கியிருந்த டம்ளர்கள் உருண்டன, மேடையில் சங்கரலிங்கத்தின் படம் ஆணியிலிருந்து கழன்று மந்திரியின் மடியில் விழுந்தது. ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை. இரண்டு பாதங்கள் மட்டும் மண்ணில் நின்றன.

இருளாயி கோடாலியைக் கீழே வைத்துவிட்டு, கலெக்டருக்குப் பின்னால் நின்ற போலீஸ் அதிகாரியிடம் போனாள்.

"என் புருஷனைக் கொன்னுட்டேன். இத்தனை பேரு பாத்தாக. எழுதிக்கோங்க."

கலெக்டர் பார்த்ததால் எழுதாமல் இருக்க முடியவில்லை. எழுதினதால் பிரேதம் ஆஸ்பத்திரிக்குப் போயிற்று. பிரேதம் போன பிறகுதான் சங்கரலிங்கத்துக்கு விஷயம் உறைத்தது. ஊரோ அதற்குள் தன் வேலையை ஆரம்பித்திருந்தது. வழி சொல்லக் குறி இல்லாமல், பரீட்சைக்குத் தொட ஆள் இல்லாமல், பெயருக்குப் பொருளில்லாத காபி கிளப்போடு திடீரென்று நடுத்தெருவில் விடப்பட்ட ஜனம், இருளாயியை ஏற்றின போலீஸ் வேன் மேல் கல்லை எறிந்தது. அவள் நெற்றி பிளந்தது. அவள் குடிசையை எரித்தார்கள், அவளுடைய இரண்டு ஆட்டையும் உள்ளே விட்டுக் கதவைச் சாத்தி எரித்தார்கள். சினிமாவுக்குப் போக வழி கேட்ட வெளியூர்க்காரன் ஒருவனைச் சும்மாவே அடித்துப் போட்டார்கள்.

ஜில்லா கோர்ட்டில் கேஸ் நடந்தது. அறுத்துப் பார்த்த டாக்டர் மாசிலாமணி கூண்டில் ஏறி, இதயம் உலர்ந்த நெல்லிக்காய் அளவுக்குச் சுருங்கியிருந்தது, கழுத்து வெட்டுதான் சாவுக்குக் காரணம், அது பதினோரு வருஷத்துக்கு முந்தையது, கால் வெட்டு செத்தவன்மேல் போட்ட வெட்டு என்று சொன்னார். அப்படியானால் பதினோரு வருஷமாக நீங்கள் ஏன் எழுதவில்லை என்று சர்க்கார் வக்கீல் கேட்டார். டாக்டர் தலையைக் குனிந்துகொண்டே கூண்டை விட்டு இறங்கினார்.

அதற்குப் பிறகு ஊர் வந்தது. சங்கரலிங்கம் இரண்டு பஸ் பிடித்து அனுப்பியிருந்தார். காத்தமுத்து சாகும்வரை, அதாவது பட்டமளிப்பு விழா வரை, உயிரோடு இருந்தார் என்று ஒருவர் மாற்றி ஒருவர் சத்தியம் செய்தார்கள். காலைப் பிரார்த்தனையில் அவர் தலையசைப்பதைப் பார்த்திருக்கிறேன் என்றார் பிரின்சிபால். தினம் காபி ஆற்றும்போது அவர் கண் டம்ளரோடு ஏறி இறங்கும் என்றார் கிளப்காரர். என் பேப்பரில் ஒரு தப்பை அவர் இருமிக் காட்டினார் என்றான் ஒரு பட்டதாரி. எல்லோரும் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னார்கள் என்று சொல்லிவிட முடியாது. பதினோரு வருஷம் தொட்டுக் கும்பிட்டு, சைக்கிளைச் சாய்த்து வைத்து, அவனோடு வாழ்ந்துவிட்டார்கள், பாதிப் பேர் தாங்கள் சொன்னதை நம்பினார்கள். நிற்கிறவன் செத்தவன் என்றால் பதினோரு வருஷம் பிணத்தைச் சுற்றிப் படித்தோம் என்று ஆகிவிடும். ஜட்ஜ் தலையாட்டிக்கொண்டே குறிப்பெடுத்தார். இருளாயிக்காகச் சர்க்கார் போட்ட வக்கீல் ஹனீபா ராவுத்தர், அன்று மத்தியானம் லாக்கப்புக்கு வந்து, காரியம் கைமீறிப்போகிறது அம்மா, அவர் உயிரோடு இருந்தார் என்று தீர்ப்பானால் உனக்குக் கயிறுதான் என்று உள்ளதைச் சொன்னார்.

"நாளைக்குச் சோணை வர்றானா?" என்று அவள் கேட்டாள்.

வருகிறான், எதிரிலேயே உட்கார்ந்திருந்த ஆள், அவர் கண் சிமிட்டினார் என்று சொல்ல வருகிறான் என்றார்.

"அவன்கிட்ட வேற எதுவும் கேக்காதீங்கய்யா. பையங்க உன்னைய என்ன பேரு சொல்லிக் கூப்பிட்டாங்கன்னு மட்டும் கேளுங்க."

மறுநாள் சோணை காக்கிச் சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு வந்து, சொல்லிக்கொடுத்தபடி, காத்தமுத்து கண் சிமிட்டினதைத் தான் பலதடவை பார்த்ததாகச் சொன்னான். ஹனீபா ராவுத்தர் எழுந்து, அவள் சொன்னதையே கேட்டார். சோணை கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டான். ராவுத்தர் மறுபடியும் கேட்டார். கோர்ட்டின் பின்பக்கம் நின்ற கல்லூரிப் பையன்களில் எவனோ மெதுவாக அரைவெட்டு என்றான், நாலைந்து பேர் சிரித்தார்கள், அந்தச் சிரிப்பு பெஞ்சு பெஞ்சாக நகர்ந்து ஜட்ஜின் மேஜைக்குக் கீழே இருந்த குமாஸ்தா வரைக்கும் வந்தது. சோணையின் கழுத்து நரம்பு புடைத்தது. கூண்டுக் கட்டையை அவன் பிடித்த பிடியில் அது முறிந்து கையோடு வந்தது.

"என் கையால வெட்டு வாங்கினவன் எவனும் தண்ணி கேட்டதில்ல" என்று அவன் ஜட்ஜைப் பார்த்துச் சொன்னான். "மூணாவது வெட்டுல அவன் செத்தான். கழுத்தெலும்பு வரைக்கும் இறங்குச்சு, நான் தினம் விரல விட்டுப் பாத்திருக்கேன். நின்னான், அது அவன் திமிரு. ஆனா செத்துத்தான் நின்னான். பெரியவீட்டய்யா தலைய ஆட்டினாரு, நான் வெட்டினேன். இந்தப் பொம்பள வெட்டினது பொணத்தை. அதுக்குப் பேரு வெட்டா?"

அந்த வாக்குமூலத்தை வைத்து நடந்த கேஸில் சோணைக்குத் தூக்கு என்றும் சங்கரலிங்கத்துக்கு ஆயுள் என்றும் தீர்ப்பாயிற்று. இருளாயிக்குப் பிரேதத்தைச் சிதைத்த குற்றத்துக்கு ஆறு மாதம், அதை அவள் ஏற்கெனவே உள்ளே கழித்திருந்தாள். சங்கரலிங்கம் ஜெயிலுக்குப் போன எட்டாம் மாதம் சோற்று வரிசையில் முந்தினதற்காக ஒரு கைதி அவரை அலுமினியத் தட்டின் விளிம்பால் கழுத்தில் அடித்தான். அவர் உடனே விழுந்துவிட்டார். வெளியே வந்ததுமே காத்தமுத்துவை ஆஸ்பத்திரியிலிருந்து வாங்கி, வண்டியில் வைத்துக் கொண்டுவந்து, மண்ணில் நின்ற பாதங்களையும் தோண்டிச் சேர்த்து இருளாயி எரித்தாள். உடம்பு பச்சையாக இருந்ததால் இரண்டு பகலும் ஒரு ராத்திரியும் எரிந்தது. ஊரிலிருந்து யாரும் வரவில்லை, புகை மட்டும் எல்லா வகுப்பறைக்குள்ளும் போயிற்று.

செத்தவனிடம் கேட்டு எழுதினது செல்லாது என்று ஆனதால் ஒன்றரை ஏக்கர் அவள் பேருக்குத் திரும்பி வந்தது. அதன்மேல் கல்லூரி ஆபீசும் இரண்டு வகுப்பறையும் இருந்தன. வாடகைக்கு விடலாமே என்று புதுப் பிரின்சிபால் வந்து பேசினார். அவள் கடப்பாரையோடு எட்டுப் பேரைக் கூட்டிவந்து, பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே கூரையைப் பிரித்தாள். நாலு நாளில் சுவர் தரைமட்டமாயிற்று. பையன்கள் எதிர்க்கட்டடத்து மாடியில் வரிசையாக நின்று பார்த்தார்கள், ஒருவனும் கல் எறியவில்லை.

தூக்குக்கு நாள் குறித்த பிறகு ஜெயிலிலிருந்து ஒரு கடிதம் வந்தது. சோணை கடைசியாகப் பார்க்க விரும்புகிற ஆளாக அவள் பேரைச் சொல்லியிருந்தான். அவனுக்குப் பெண்டாட்டியும் இரண்டு மகள்களும் இருந்தார்கள், அவர்களைக் கேட்கவில்லை. போகவேண்டாம் என்று ஹனீபா ராவுத்தர் சொன்னார். இருளாயி பஸ் ஏறிப் போனாள்.

கம்பிக்கு அந்தப்பக்கம் அவன் தரையில் உட்கார்ந்திருந்தான். காக்கிச் சட்டை இல்லாமல் சின்ன ஆளாகத் தெரிந்தான். பத்தடி தூரத்தில் பதினோரு வருஷம் பார்த்த முகம், இப்போது மூன்றடியில் இருந்தது. அவன் நேராக விஷயத்துக்கு வந்தான்.

"ஏத்தா, நீதான் ரெண்டு கை தூரத்துல நின்ன. நீதான் அவன் மொகத்தைப் பாத்த. டாக்டர் சொன்னாரு, ஜட்ஜ் எழுதினாரு, அதெல்லாம் எனக்குக் கணக்கு இல்ல. நீ சொல்லு. என் வெட்டுலயே செத்தான்ல?"

அந்த முகத்தில் என்ன வேண்டியிருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. விரல் எலும்பில் முட்டும்போது வருகிற அந்தச் சமாதானத்தை அவன் இந்தத் தடவை கயிறு வரைக்கும் எடுத்துக்கொண்டு போகப் பார்த்தான். ஆமாம் என்று சொன்னால் போதும், அது உண்மையும்கூட. அரிவாள் நிற்பதற்கு முன்னால் காத்தமுத்துவின் கண் காலியானதை அவளைவிடத் தெளிவாகப் பார்த்தவர் உலகத்தில் இல்லை.

"இல்ல" என்றாள் இருளாயி. "மூணு நாள் இருந்தாரு. காதை வச்சுக் கேட்டேன். மூணு நாளும் நெஞ்சு அடிச்சுச்சு. தாகத்துலதான் போனாரு, உன் வெட்டுல இல்ல."

சோணை கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். பொய் சொல்லுகிறாய் என்று முதலில் மெதுவாகச் சொன்னான், அப்புறம் கத்தினான், அப்புறம் நெற்றியைக் கம்பியில் மோதிக்கொண்டு அதையே திரும்பத் திரும்பச் சொன்னான், வார்டர்கள் நாலு பேர் வந்து அவன் மேல் விழுந்து அமுக்கினார்கள். இருளாயி முந்தானையைச் சரிசெய்துகொண்டு வந்த வழியே நடந்தாள். அவன் சத்தம் மூன்று கதவு தாண்டியும் கேட்டது. நான்காவது கதவில் கேட்கவில்லை.

ஜெயிலுக்கு எதிரில் ஒரு இட்லிக்கடை இருந்தது. அவள் பெஞ்சில் உட்கார்ந்து நாலு இட்லி கேட்டாள். சாப்பிட்டாள். இன்னும் நாலு கேட்டாள். கடைக்காரர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ரொம்பத் தூரத்திலிருந்து வர்றீங்களா அம்மா என்று கேட்டுக்கொண்டே சட்னியை அள்ளி வைத்தார்.